கப்பியும் கயிறும்

கப்பிக் கணக்கு என்றதும் முகம் வாடுவோர் பலர். சூத்திரத்தை மனப்பாடம் செய்து, தேர்வில் எண்களை இட்டு நிரப்பிவிடலாம் என்று எண்ணுவோரும் உளர். சூத்திரம் மறந்தால் கணக்கும் போய்விடும். ஆனால் கயிறு என்ன வேலை செய்கிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால், சூத்திரமின்றியே விடை காணலாம். கண்ட விடை சரியா, தவறா என்பதையும் நாமே சொல்லிவிடலாம். ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

வினா: உராய்வற்ற, எடையற்ற நிலைக் கப்பி ஒன்றின் மேல் எடையற்ற, நீளாத கயிறு செல்கிறது. அதன் ஒரு முனையில் 6 கி.கி. நிறையும், மறுமுனையில் 4 கி.கி. நிறையும் தொங்குகின்றன. நிறைகளை விட்டுவிட்டால் அவற்றின் முடுக்கம் யாது? கயிற்றின் இழுவிசை யாது? (புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி².)

வினாவில் உள்ள சொற்களை முதலில் கவனியுங்கள். ஒரு சொல்லும் வீணாக இடப்படவில்லை. கயிறு நீளாதது, ஆகவே ஒரு நிறை எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவே மற்றது ஏறும். இரண்டுக்கும் முடுக்கம் ஒன்றே. கயிற்றுக்கு எடையில்லை, கப்பிக்கு எடையும் இல்லை, உராய்வும் இல்லை. ஆகவே கயிறு நெடுகிலும், கப்பியின் இருபுறமும், இழுவிசை ஒன்றே. இவ்விரு செய்திகளும் கையில் இருந்தால் பாதிக் கணக்கு முடிந்தது.

இனி, எழுதுகோலைத் தொடுமுன் சற்றே சிந்திப்போம். 6 கி.கி. நிறையின் எடை 6 × 9.8 = 58.8 நியூட்டன். 4 கி.கி. நிறையின் எடை 4 × 9.8 = 39.2 நியூட்டன். கயிற்றின் இழுவிசை எவ்வளவு என்று கேட்டால், 58.8 என்பாள் ஒருத்தி, 39.2 என்பாள் மற்றொருத்தி. இரண்டையும் கூட்டி 98 என்பாள் இன்னொருத்தி. மூன்றும் தவறு!

ஏன்? இழுவிசை 58.8 நியூட்டன் என்றே கொள்வோம். அப்போது பெரிய நிறையைப் புவி கீழே இழுக்கும் விசையும், கயிறு மேலே இழுக்கும் விசையும் சமமாகிவிடும். அந்நிறை இருந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் அது இறங்குகிறது! ஆகவே இழுவிசை 58.8-ஐ விடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். 98 என்பதும் இதனாலேயே அடிபட்டுப் போகிறது. சிறிய நிறையோ மேலே ஏறுகிறது. அதை ஏற்ற வேண்டுமானால், கயிறு அதன் எடையை விட அதிகமாக இழுக்க வேண்டும். ஆகவே இழுவிசை 39.2-ஐ விட அதிகம். விடை இவ்விரண்டு எண்களுக்கும் இடையில்தான் உள்ளது என்பது கணக்கிடாமலேயே தெரிந்துவிட்டது.

இப்போது கணக்கிடுவோம். இழுவிசையை 'இ' என்றும், முடுக்கத்தை 'மு' என்றும் குறிப்போம். ஒவ்வொரு நிறைக்கும் தனித்தனிப் படம் வரையுங்கள். அதன் மீது செயல்படும் விசைகளை மட்டும் அம்புக்குறியிடுங்கள். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, நிகர விசை = நிறை × முடுக்கம்.

இறங்கும் நிறைக்கு: 58.8 − இ = 6 × மு
ஏறும் நிறைக்கு: இ − 39.2 = 4 × மு

இரண்டையும் கூட்டினால் 'இ' நீங்கிவிடுகிறது.

19.6 = 10 × மு
மு = 1.96 மீ/வி²

இதை இரண்டாம் சமன்பாட்டில் இட,

இ = 39.2 + 7.84 = 47.04 நியூட்டன்

முதற் சமன்பாட்டில் இட்டாலும், 58.8 − 11.76 = 47.04 என்றே வருகிறது. 39.2-க்கும் 58.8-க்கும் இடையில் அமைந்துள்ளதால், நாம் எதிர்பார்த்ததற்கும் பொருந்துகிறது.

இந்த அமைப்புக்கு ஆட்வுட் பொறி என்று பெயர். கேம்பிரிட்ஜில் பயின்று, அங்கேயே கற்பித்த ஜார்ஜ் ஆட்வுட், 1784-இல் வெளியிட்ட தம் நூலில் இதை விவரித்தார். தடையின்றி விழும் பொருள் 1 மீட்டர் விழ அரை வினாடிகூட ஆவதில்லை, அளப்பது கடினம். நம் கணக்கில் முடுக்கம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதால், அதே 1 மீட்டருக்கு ஏறத்தாழ 1 வினாடி ஆகிறது. வேகமான இயக்கத்தை மெதுவாக்கி, அளந்து பார்க்க இது உதவியது.

"இதெல்லாம் தேர்வுக்குத்தானே?" என்று கேட்காதீர்கள். கிணற்றில் நீர் இறைக்கும் இராட்டினமும் ஒரு நிலைக் கப்பியே. நீரோடு வாளி 15 கி.கி. எனக் கொள்வோம். அதன் எடை 147 நியூட்டன். ஒரே சீரான வேகத்தில் இழுத்தால், உராய்வு நீங்கலாக, கயிற்றில் 147 நியூட்டன் இழுவிசையே உண்டு. அவசரப்பட்டு 2 மீ/வி² முடுக்கத்துடன் வெடுக்கென்று இழுத்தால், அது 15 × 11.8 = 177 நியூட்டனாகிறது. நைந்த கயிறு நிதானமாக இழுக்கையில் தாங்கும்; வெடுக்கென்று இழுக்கையில் அறும். காரணம் இதுதான்.

இன்னொன்றையும் கேளுங்கள். கயிறு கைநழுவி, வாளி தடையின்றி 80 செ.மீ. விழுந்தாலே அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர். அந்நிலையில் கயிற்றை எட்டிப் பிடித்து, பத்தில் ஒரு வினாடியில் வாளியை நிறுத்த முயன்றால், எதிர்முடுக்கம் 40 மீ/வி². அப்போது கயிற்றின் இழுவிசை 15 × 49.8 = 747 நியூட்டன்! வாளியின் எடையைப் போல் ஐந்து மடங்கு. கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும். பிடித்தவளையே கிணற்றை நோக்கி இழுக்கும். ஆகவே, நழுவிய வாளியைப் பாய்ந்து பிடிக்காதீர்கள். வாளி போனால் பாதாளக்கரண்டி கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

நீங்களே செய்து பாருங்கள்: மேற்கண்ட கணக்கில் 6, 4 கி.கி.க்குப் பதிலாக 3, 2 கி.கி. நிறைகள் இருப்பின், முடுக்கமும் இழுவிசையும் யாவை? (விடை: 1.96 மீ/வி², 23.52 நியூட்டன்.) இழுவிசை பாதியானபோதும் முடுக்கம் மாறவில்லை. ஏன் என்று தோழியருடன் கலந்து சிந்தியுங்கள். விடையைக் கண்டுபிடித்தவளுக்குக் கப்பிக் கணக்கில் இனி அச்சம் இராது.