வீட்டு லினக்ஸ் சர்வரில் வட்டைப் பிரிக்கும்போது

இயங்குதளம் ஒரு பகுதியிலும் உங்கள் படங்கள், ஆவணங்கள் வேறு பகுதியிலும் இருக்கட்டும். நாளை டெபியனையோ உபுண்டுவையோ புதிதாக நிறுவினாலும் தரவைத் தொட வேண்டியிருக்காது. ரூட் பகுதிக்கு 40 ஜிபி போதும். டாக்கர் ஓடுகிறதென்றால் அதன் கோப்புகள் வழக்கமாக ‘வார்’ கோப்பகத்தில்தான் குவியும். அதற்குத் தனி இடம் கொடுத்துவிடுங்கள்.

எல்விஎம் போட்டு, வட்டில் கொஞ்சம் இடத்தை ஒதுக்காமலே வையுங்கள். இஎக்ஸ்டி4 பகுதியைச் சர்வர் ஓடும்போதே பெரிதாக்கலாம்; சுருக்குவதென்றால் முதலில் அன்மவுண்ட் செய்ய வேண்டும்.

எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று எழுதாதீர்கள், மறுதொடக்கத்தில் அவை இடம் மாறலாம். யுயுஐடியைக் கொடுங்கள். யுஎஸ்பி வட்டுக்கு ‘நோஃபெயில்’ சேர்த்தால், வட்டு செருகப்படாவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும்.

பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று இதில் உண்டு. வட்டு மவுண்ட் ஆகாத நாளில், காப்பு நிரல் அந்த வட்டை இணைக்க வைத்திருந்த காலிக் கோப்பகத்தில் எழுதத் தொடங்கி, ரூட்டையே நிரப்பிவிடும். வட்டை இணைக்கும் முன்பே அந்தக் காலிக் கோப்பகத்துக்கு ‘சிஎச்ஆட்டர்’ கட்டளையால் மாற்றமுடியாப் பூட்டுப் போடுங்கள். வட்டு இணைந்தபின் அந்தப் பூட்டு குறுக்கிடாது. இதை அவசியம் செய்யுங்கள்.

இன்னொன்று: இஎக்ஸ்டி4 இயல்பாகவே 5 சதவீதத்தை ரூட் பயனருக்கு ஒதுக்கிவைக்கும். 4 டிபி வட்டில் அது 200 ஜிபி. தரவு மட்டுமே உள்ள பகுதியில் ‘டியூன்2எஃப்எஸ்’ கொண்டு அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். ரூட் பகுதியில் கைவைக்காதீர்கள்.