இடி மாதம் வருகிறது: பவர் சப்ளையில் கை வைக்காதீர்கள்

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, வடகிழக்குக் காற்று இன்னும் பிடிக்காத இடைக்காலம் தொடங்குகிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நெகிரி செம்பிலானில் காலையில் வெயில் காயும். பிற்பகலில் வானம் கறுத்து இடி இறங்கும். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பிள்ளைகள் கிளம்புவதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். ரந்தாவ் பக்கத்து லின்சம் தொடங்கி பகாவ் பக்கத்து ஜெராம் பாடாங் வரை, தோட்டத்து வீடுகளுக்குள் புதிய மேசைக் கணினி நுழையும் வேளையில் மின்னலும் கூடவே வந்து நிற்கிறது.

2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மலிவான கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தாலும், திரையோடு கணக்குப் பார்த்தால் ஒரு தோட்டத் தொழிலாளியின் மாதச் சம்பளம் முழுதும் போய், மேலும் கொஞ்சம் கடன் நிற்கும். அந்தப் பணம் ஒரே மாலையில் புகையாகிப் போவது இந்தப் பருவத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. சென்ற ஆண்டும் நடந்தது. பழுதுபார்க்கும் கடைக்கு வரும் கருகிய பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் தெரிவது இதுதான்: நல்ல பிராசசர், நல்ல மதர்போர்டு, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க ஊர் பேர் தெரியாத ஒரு பவர் சப்ளை.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று வரி. பெயரில்லாத பவர் சப்ளை வாங்காதீர்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில் கணினியைச் செருகாதீர்கள். இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள். இதற்கு மேல் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த மூன்றையாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்

முதலில், மேசைக் கணினி தேவையா என்று பாருங்கள். வீட்டிலிருந்து நீலாய்க்கோ சிரம்பானுக்கோ போய்வரும் மாணவருக்கு அது சரி. போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்கிலோ கோலப்பிலா மெட்ரிகுலேஷனிலோ விடுதியில் தங்குபவர், மேசைக் கணினி வைக்க அனுமதி உண்டா என்று விடுதி அலுவலகத்தில் கேட்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும். வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய படிப்பென்றால் மடிக்கணினிதான் வழி.

அடுத்து, படிப்பு என்ன கேட்கிறது என்று பாருங்கள். கணக்கியல், கல்வியியல், தாதிமைப் படிப்புகளுக்கு எழுதவும் அட்டவணை போடவும் இணையத்தில் தேடவும் முடிந்தால் போதும். சிவில், மெக்கானிக்கல் பிரிவினருக்கு ஆட்டோகேட் போன்ற மென்பொருள் வேண்டும். அதற்கு 8 ஜிபி நினைவகம் அடிமட்டம், 16 இருந்தால் மூச்சு விடலாம். மாணவருக்கான ஆட்டோகேட் உரிமத்தை ஆட்டோடெஸ்க் இலவசமாகவே தருகிறது. திருட்டுப் பிரதி தேடி வைரஸை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

பாகங்கள்

பிராசசர்: படம் காட்டும் வசதி உள்ளேயே அமைந்ததை எடுங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, இன்டெலின் கோர் ஐ3-12100 இரண்டும் அந்த வகை. இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' ஒட்டியிருந்தால் அதில் அந்த வசதி கிடையாது. 12100எஃப் சில பத்து வெள்ளி குறைவு என்று வாங்கியவர் வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் அது விழிக்காது. ரைசன் 5 5500, 5600 இரண்டுக்கும் இதே கதைதான். பெட்டியில் விசிறி வருகிறதா என்றும் கேளுங்கள்.

மதர்போர்டு: 5600ஜி-க்கு ஏ520 அல்லது பி550. 12100-க்கு எச்610. நினைவகத் துளை குறைந்தது இரண்டு இருக்கட்டும். போர்டின் பயாஸ் மென்பொருள் அந்தப் பிராசசருக்கு ஏற்றதா என்று கடையில் கேட்டு, அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

நினைவகம்: டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது; போர்டு எதைக் கேட்கிறதோ அதுவே. செயற்கை நுண்ணறிவுக் கணினிக் கூடங்கள் சில்லுகளை வாரிக்கொண்டதால் 2025 இறுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்றுவந்த குருஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. இரண்டு 8 ஜிபி குச்சிகள் போட்டால் வேகம் கூடும். பணம் எட்டவில்லையென்றால் இப்போது ஒன்று, பிறகு ஒன்று.

சேமிப்பு: தெரிந்த நிறுவனத்தின் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. இணையச் சந்தையில் நம்ப முடியாத விலைக்கு வரும் '2 டிபி' வட்டுகளைத் தொடாதீர்கள். அவை கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்; கொஞ்சம் நிரம்பியதும் பழைய கோப்புகளை அழித்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டு: இப்போது வேண்டாம். பயன்படுத்திய கார்டு மலிவாக வந்தாலும் வேண்டாம். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற மின்னியல் நாணயம் தன் முறையை மாற்றியதும் நாணயச் சுரங்கத்தில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. எது எப்படி உழைத்தது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

பழைய அலுவலகக் கணினி: டெல், எச்பி, லெனோவோ பெட்டிகள் நல்ல விலைக்குக் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலின் 8-ஆம் தலைமுறைக்குக் கீழ் உள்ளதை ஏற்பதில்லை. 'ஐ5' என்று பெரிதாக எழுதி 4-ஆம், 6-ஆம் தலைமுறையைக் கையில் கொடுப்பார்கள். தலைமுறை எண்ணைக் கேளுங்கள்.

பவர் சப்ளை: இங்கே நின்று படியுங்கள்

மேலே சொன்ன எதில் தவறினாலும் ஒரு பாகத்தோடு நஷ்டம் போகும். இதில் தவறினால் எல்லாம் போகும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்கி ஒவ்வொரு பாகத்துக்கும் பங்கிடுவது பவர் சப்ளை. அதன் கட்டுப்பாடு தவறி 12 வோல்ட் கம்பியில் மின்னழுத்தம் ஏறிவிட்டால் போர்டும் வட்டும் ஒன்றாகச் சாகும். தரமானது அந்த நொடியில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மலிவானதில், அப்படி அணைக்கும் சுற்றையும், மின்னழுத்த ஏற்றத்தை உறிஞ்சும் சிறு பாகத்தையும் செலவு மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள்.

பெட்டியோடு இலவசமாக வருகிறது என்று வாங்காதீர்கள். வண்ண விளக்கு எரியும் கேஸுக்கு 150 வெள்ளி கொடுக்க மனம் வருகிறது, பவர் சப்ளைக்கு 150 கேட்டால் 'கண்ணில் படாத சாமானுக்கு எதற்கு இவ்வளவு' என்று பேரம் பேசுகிறார்கள். இந்தப் பேச்சை இந்த ஆண்டாவது விடுங்கள். கையில் 2,000 வெள்ளி இருந்தால் 200 வெள்ளி பவர் சப்ளைக்கு என்று முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். கேஸ் அடிபட்டதாக இருக்கலாம். கீபோர்டு அண்ணன் பயன்படுத்தியதாக இருக்கலாம். பவர் சப்ளை புதிதாக, உத்தரவாதத்தோடு இருக்க வேண்டும்.

கடையிலேயே மூன்று சோதனை செய்யலாம்.

ஒன்று, பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். உண்மையான 500 வாட் பவர் சப்ளையில் அந்த ஆம்பியர் எண் 38-லிருந்து 41 வரை இருக்கும். வெளியே '600 வாட்' என்று அச்சடித்துவிட்டு 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க 216. அதன் உண்மையான வலு அவ்வளவுதான். கீழே வையுங்கள்.

இரண்டு, பின்புறம் 115, 230 என்று தள்ளி மாற்றும் சிவப்புப் பொத்தான் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. அது 115-இல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே வெடிக்கும். வாங்க வேண்டாம்.

மூன்று, '80 பிளஸ்' முத்திரை. அது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று மட்டுமே. பாதுகாப்புக்கு முழு உறுதி தராது, போலியாகவும் ஒட்டுவார்கள். மாதிரி எண்ணை அந்தச் சான்றளிக்கும் அமைப்பின் பட்டியலில் கைப்பேசியிலேயே தேடிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: கழற்றி மாட்டும் கேபிள் உள்ள வகை என்றால், ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொரு நிறுவனத்தின் பவர் சப்ளையில் மாட்டக் கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். வட்டு எரிந்த பிறகு தெரிந்து பயனில்லை.

வீட்டு மின்சாரம்

நல்ல பவர் சப்ளையும் எர்த் இல்லாத வீட்டில் பாதி பலம் இழக்கிறது. பழைய லயத்து வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். எர்த் துளைக்குப் பின்னால் கம்பி அறுந்திருக்கும், அல்லது போட்டதே இருக்காது. கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரல் நுனியில் மெல்ல ஊர்கிறதா? எர்த் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். 'கொஞ்சமாகத்தான் அடிக்கிறது, பழகிவிட்டது' என்று செருப்பு மாட்டிக்கொண்டு உட்காருவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது.

மூன்று விளக்கு எரியும் சாக்கெட் சோதிப்பான் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். எர்த் இல்லையென்று காட்டினால் கையில் டெஸ்டரை எடுத்துக்கொண்டு நீங்களே இறங்காதீர்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். வீடு தோட்ட நிர்வாகத்தினுடையது என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டத்தின்படி, தொழிலாளர் வீட்டுக்குப் போதிய மின்சார வசதி கொடுப்பதும் கட்டடத்தைப் பழுதின்றி வைத்திருப்பதும் முதலாளியின் கடமை. சலுகை கேட்பதுபோல் தயங்க வேண்டாம்.

எக்ஸ்டென்ஷனில் சிரிம் முத்திரை பாருங்கள். கணினி செருகிய எக்ஸ்டென்ஷனில் இஸ்திரிப் பெட்டியும் சோற்றுப் பானையும் வேண்டாம். மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக்கும் அடாப்டர் அறவே வேண்டாம். சர்ஜ் புரொடெக்டர் வாங்கினால் நல்லது. ஆனால் அதுவும் எர்த் இருந்தால்தான் சரியாக வேலை செய்யும், ஒவ்வோர் இடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அதன் பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் மாற்றுங்கள். மெயின் சுவிட்ச் பெட்டியிலுள்ள ஆர்சிசிபி மனிதரைக் காப்பதற்கு. மின்னலிலிருந்து அது கணினியைக் காக்காது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இடி கேட்டால்

சுவிட்சை அணைத்தால் போதும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். போதாது. சுவர் சுவிட்ச் துண்டிப்பது ஒரு கம்பியை மட்டும். மற்ற இரண்டும் கணினியோடு இணைந்தே இருக்கின்றன. பல ஆயிரம் வோல்ட்டாக வரும் மின்னல் வீச்சுக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளியும் தடையாகாது. பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்ச் அல்ல, பிளக்.

பிளக்கோடு நிற்காதீர்கள். ரவுட்டரிலிருந்து வரும் இணையக் கம்பியையும் உருவுங்கள். அஸ்ட்ரோ பெட்டி அதே திரையில் இணைந்திருந்தால் அதையும் கழற்றுங்கள்; கூரைத் தட்டிலிருந்து இறங்கும் கம்பியும் மின்னலுக்கு வழிதான். இவை எல்லாவற்றையும் இடி நெருங்குவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும். தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கில் கை வைக்காதீர்கள். கணினி போனால் போகட்டும்.

பெற்றோர் இருவரும் வேலைக்காட்டில், பிள்ளை வகுப்பில் என்றால் காலையில் கிளம்பும்போதே பிடுங்கிவிடுவது வழக்கமாகட்டும். வானிலைத் துறையின் மைச்சுவாச்சா (myCuaca) செயலியில் இடியுடன் கூடிய மழைக்கான எச்சரிக்கை வரும். அதைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செய்த பாட வேலையை அன்றன்றே இணையச் சேமிப்பில் ஒரு நகல் போடுங்கள்.

ரசீது

சிரம்பானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கோலாலம்பூர் போய் லோ யாட் பிளாசாவில் வாங்கினாலும், இணையத்தில் வாங்கினாலும், மூன்று இடத்தில் விலை கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரும் மாதிரி எண்ணும் ரசீதில் தனித்தனியாக இருக்கட்டும். 'சிபியு செட் ஒன்று' என்று எழுதிய ரசீதை வைத்து எந்த உத்தரவாதமும் கேட்க முடியாது. பேசியதற்கு மாறாகப் பாகம் வந்து கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. வருமான வரி கட்டும் பெற்றோர் பிள்ளைக்கு வாங்கும் கணினியை, வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி விலக்கில் காட்டலாம். அதற்கும் ரசீது வேண்டும்.

கடைக்குப் போகுமுன் பாகப் பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் வரியில் பவர் சப்ளையை எழுதி, அதற்கான பணத்தைத் தனியாக வைத்த பிறகு மற்றவற்றுக்கு இறங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இந்த வாரமே பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்கள். பெயரில்லாத பவர் சப்ளையாக இருந்தால், இன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதல் மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.