கடைக்காரரின் கை சுத்தம்



கோவையில் ‘பிளேக் மாரியம்மன்’ என்ற பெயரில் கோயில் இருப்பதை நம்மில் பலர் அறிவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் இந்நகரை வாட்டியதன் நினைவு அது. தானியம் உள்ள இடத்தில் எலி இருக்கும். எலியின் மேலிருந்த தெள்ளுப்பூச்சி அன்று நோயைப் பரப்பியது. இன்று கடையிலிருந்து வீடுகளுக்கு நோயைக் கொண்டுபோகக் கூடியது நம் கைதான்.

டைபாய்டு, வயிற்றுப்போக்கு, ஒருவகை மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகள் மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து உணவுக்கும் செல்கின்றன. திடமாக இருப்பவரும் இதைப் பரப்பலாம். நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண்மணி வேலை செய்த பல வீடுகளில் டைபாய்டு வந்தது. அவருக்கோ ஒரு நோவும் இல்லை. 1907-ல்தான் கிருமி அவரிடம் இருப்பது தெரிந்தது.

‘நாம் சமைப்பதில்லையே’ என்று கேட்கலாம். அரிசி, பருப்பு கொதியில் வேகின்றன. ஆனால் பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், முறுக்கு ஆகியவை நம் கையிலிருந்து நேரே குழந்தையின் வாய்க்குப் போகின்றன. ஆகவே கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வேலை தொடங்கும் முன்பும், கழிப்பறை சென்று வந்ததும், சாப்பிடும் முன்பும் சோப்பிட்டு 20 வினாடி கை கழுவுக. வெறும் தண்ணீர் போதாது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிய கிருமியை சோப்புதான் பிரித்தெடுக்கும்.

2. நோட்டு எண்ணவோ, கவரைப் பிரிக்கவோ விரலை எச்சில் தொடாதீர்கள். கல்லாவில் ஈர ஸ்பாஞ்சு டப்பா வையுங்கள். பையை வாயால் ஊதித் திறக்காதீர்கள்.

3. அப்படியே சாப்பிடும் பண்டங்களைக் கரண்டியால் அள்ளிப் போடுங்கள். பணம் வாங்கிய கையால் தொடாதீர்கள்.

4. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கையில் காயம் இருந்தால் பிளாஸ்திரி போட்டு மூடுங்கள்.

5. பேதி, காய்ச்சல் கண்ட பணியாளருக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள். பிடித்தால், நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011-ல் வந்த விதிகளும் கை கழுவுதல், நகம் வெட்டுதல், காயத்தை மூடுதல், தொற்றுநோய் உள்ளவரை வேலையில் வைக்காதிருத்தல் ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. சிறு கடைகளுக்கும் இவை பொருந்தும்.

ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடையானாலும், கிராமத்துப் பெட்டிக்கடையானாலும், இதற்கு வேண்டியது ஒரு சோப்பும், குழாய் வைத்த ஒரு வாளித் தண்ணீரும்தான். எடையில் நம்மை நம்பும் வாடிக்கையாளர் சுத்தத்திலும் நம்மை நம்பித்தான் வருகிறார். நாளைக் காலை கடை திறந்ததும், தராசைத் துடைக்கும் முன் கையைக் கழுவுவோம்.