காமிராப் பெட்டியின் பாஸ்வேர்டு மறந்துபோனால்

நமது வியாபாரிகளின் கடைகளில் இன்று காமிரா இல்லாத கடை அரிது. ஜவுளிக் கடையானாலும் சரி, நாணயமாற்றுக் கடையானாலும் சரி, சாப்பாட்டுக் கடையானாலும் சரி, கல்லாவுக்கு மேலே ஒன்று, வாசலில் ஒன்று, சரக்கு அறையில் ஒன்று என்று நாலைந்தாவது மாட்டப்பட்டிருக்கும். அவை எடுக்கும் படங்களையெல்லாம் சேர்த்து வைப்பது மேசைக்கு அடியிலோ பரண் மீதோ தூசி படிந்து கிடக்கும் ஒரு சிறு பெட்டி. டி.வி.ஆர். என்றும் என்.வி.ஆர். என்றும் அதற்குப் பெயர். மாட்டிய நாளில் அதைப் பார்த்த முதலாளி, ஒரு சங்கடம் நேரும்வரை அதன் பக்கம் திரும்புவதில்லை. சங்கடம் நேர்ந்த அன்றுதான், அதற்குப் பாஸ்வேர்டு என்று ஓர் இரகசியச் சொல் இருந்ததே என்ற ஞாபகம் வருகிறது.

கோலாலம்பூரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் 2,400 ரிங்கிட் குறைந்தது. அன்று கல்லாவில் நின்றவன் கீழக்கரையிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன பையன். சந்தேகம் அவன் மீதே போயிற்று. "காக்கா, நான் தொடவே இல்லை. வேணுமானால் காமிராவைப் பாருங்க" என்று அழுதான். பார்க்கலாமென்று உட்கார்ந்தால் பெட்டி பாஸ்வேர்டு கேட்கிறது. காமிரா மாட்டிக் கொடுத்தவர் நான்கு வருடங்களுக்கு முன்பே தொழிலை விட்டுப் போய்விட்டார். நண்பர் வாய்க்கு வந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார். ஏழாவது தடவை பெட்டி தானே பூட்டிக்கொண்டது. மறுநாள் உறவுக்காரத் தம்பி ஒருவர் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வந்து, "மாமா, உள்ளே இருக்கிற பாட்டரியைக் கழற்றிவிட்டால் எல்லாம் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்றார். நல்லவேளையாக, அதற்குள் நண்பர் எனக்குத் தொலைபேசி செய்தார்.

ஒரு சிப்பந்தியின் மானம் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. அதை எப்படி வெளியே எடுத்தோம் என்பதைச் சொல்லுமுன், பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாததால்தான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

படங்கள் இருப்பது ஹார்டு டிஸ்க் என்னும் கனமான தகட்டுப் பெட்டியில். பாஸ்வேர்டும் மற்ற அமைப்புகளும் இருப்பது அதில் அல்ல. மின்பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு சில்லில், மின்சாரம் போனாலும் அழியாதபடி எழுதப்பட்டிருக்கின்றன. காசு போன்ற வட்டப் பாட்டரியோ கடிகாரத்தை ஓட்டுவதற்காக மட்டுமே உள்ளது. ஆகவே பாட்டரியைக் கழற்றினால் பெரும்பாலான பெட்டிகளில் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். தேதிதான் பல வருடங்கள் பின்னால் போகும். பிறகு பதிவாகும் படங்களெல்லாம் தவறான தேதியில் போய் உட்காரும். நாளைக்குப் போலீஸில் கொடுத்தால், இந்தத் தேதி எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அந்த ஸ்க்ரூடிரைவர் வைத்தியம் வேண்டாமென்று நான் சொன்னதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து ஒரு நல்ல செய்தியும் தெரிகிறது. பாஸ்வேர்டு போனதனால் படம் போகவில்லை. சாவி தொலைந்தது, சரக்கு அறைக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் அந்த அறையிலும் இடம் அளவானதுதான். ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் பெட்டி நிற்பதில்லை. ஆகப் பழைய படத்தை அழித்து, அதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காமிரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் இரவு பகலாகப் பதிந்தால், நான்கு காமிராவுக்கு 8 மெகாபிட். அதாவது வினாடிக்கு ஒரு மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆக நாளொன்றுக்கு 86 கிகாபைட்டுக்குச் சற்று மேலே. ஒரு டெராபைட் டிஸ்க் பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். நண்பர் கடையில் இருந்தது அதே டிஸ்க், காமிராவோ எட்டு. ஆறு நாள்கூடத் தாங்காது. அவர் எனக்குச் சொல்லும்போது இரண்டு நாள் போய்விட்டது. பாஸ்வேர்டைத் தேடுகிறேன் என்று ஒரு வாரம் அலைந்திருந்தால், பாஸ்வேர்டு கிடைத்த அன்று சனிக்கிழமை இருந்திருக்காது.

ஆகவே முதல் வேலை பாஸ்வேர்டு தேடுவதல்ல. பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துவது. வேண்டிய படம் ஒன்று உள்ளே இருந்து, திறக்க வழி தெரியவில்லையென்றால், சுவிட்சை அணைத்துவிட்டு நிதானமாக யோசியுங்கள். இரண்டு நாள் காமிரா இல்லாமல் கடை நடக்கும். விவகாரம் போலீஸுக்குப் போய்விட்டதென்றாலோ, பெட்டியில் கை வைக்காமல் இருக்கிறபடியே அவர்களிடம் ஒப்படைப்பது உத்தமம்.

அடுத்தது, எளிய வழிகளைத் தேடுவது. பெட்டி கேட்கும் பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும், வேறு வாசல் திறந்திருக்கலாம். கடையில் யாருடைய கைப்பேசியிலாவது காமிரா பார்க்கும் செயலி இருக்கிறதா? ஹிக்விஷன் பெட்டியானால் ஹிக்-கனெக்ட், டாஹுவா பெட்டியானால் டி.எம்.எஸ்.எஸ். என்று இருக்கும். முன்பே இணைத்த கைப்பேசி பல சமயம் மறுபடி பாஸ்வேர்டு கேட்காது. பழைய பதிவையும் அதிலேயே பார்த்துச் சேமித்துக்கொள்ளலாம். கணக்கு எழுதும் கம்ப்யூட்டரில் முன்பு காமிரா பார்த்த வழக்கம் உண்டானால், பாஸ்வேர்டு அதில் சேமிக்கப்பட்டிருக்கக்கூடும். பெட்டியோடு இணைத்த திரையில் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்துத் திறக்கும் வழக்கம் சில பெட்டிகளில் உண்டு. அந்தக் கோடு ஞாபகமிருந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போய்ப் படத்தை எடுத்துவிடலாம். மாட்டிக் கொடுத்தவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவரையும் கேளுங்கள். இந்தத் தொழிலில் பலர் எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரிச் சொல்லையே வைத்துவிடுகிறார்கள். நல்ல பழக்கமல்ல, ஆனால் ஆபத்துக்கு உதவும்.

இவையெல்லாம் பலிக்காவிட்டால்தான் பாஸ்வேர்டை மாற்றும் வழிக்குப் போக வேண்டும். நமது கடைகளிலுள்ள பெட்டிகளில் பல, மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும், சீனாவின் ஹாங்ஜோ நகரத்திலுள்ள ஹிக்விஷன், டாஹுவா என்னும் இரண்டு கம்பெனிகளில் ஒன்று செய்தவையாக இருக்கும். பெட்டியின் அடியிலுள்ள சீட்டில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உண்டு. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மிகப் பழைய பெட்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு பாஸ்வேர்டு வைத்து அனுப்புவார்கள். ஹிக்விஷனில் பெயர் அட்மின், பாஸ்வேர்டு 12345. டாஹுவாவில் இரண்டுமே அட்மின். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் இது திறக்கும். ஹிக்விஷன் 2015 முதல் இந்த வழக்கத்தைக் கைவிட்டு, முதல் நாளிலேயே உரிமையாளர் தாமே ஒரு சொல்லை வைத்தாக வேண்டும் என்று செய்துவிட்டது. மற்றவர்களும் அவ்வழிக்கு வந்தார்கள். அது ஏன் நல்லது என்பதை 2016 அக்டோபர் 21-ஆம் தேதி உலகமே பார்த்தது. தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றப்படாத காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் மிராய் என்ற நச்சு நிரல் ஆயிரக்கணக்கில் பிடித்துவைத்துக்கொண்டு, அமெரிக்காவில் டைன் என்னும் கம்பெனியைத் தாக்கியது. டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. அந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் பெட்டி அடியாளாகப் போன விஷயமே தெரியாது.

புதிய பெட்டிகளில் பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கு அருகிலேயே, மறந்துவிட்டதா என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். பெட்டியைக் கடையிலுள்ள டெலிவிஷனோடு ஹெச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்து, மவுஸை வைத்து அந்த வரியை அழுத்த வேண்டும். டாஹுவாவில் ஒரு கட்டக் குறி திரையில் தோன்றும். அதை டி.எம்.எஸ்.எஸ். செயலியால் படம் பிடித்தால், முதல் நாளில் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு ஓர் எண் வரும். 24 மணி நேரத்துக்குள் அதைப் போட்டுப் புதிய பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். ஹிக்விஷனிலும் ஏறக்குறைய இதே முறைதான். அத்துடன், முன்பு பதில் எழுதிவைத்த இரகசியக் கேள்விகளும், முதல் நாளில் யு.எஸ்.பி. குச்சியில் எடுத்துவைத்த சாவிக் கோப்பும் இருந்தால் அவற்றாலும் முடியும். தவறான சொல்லை ஐந்து ஏழு தடவை போட்டால் அரை மணி நேரம் வரை பெட்டி பூட்டிக்கொள்ளும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, காத்திருந்தால் திறந்துகொள்ளும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த மின்னஞ்சல் நம்முடையதாக இருப்பதில்லை. மாட்டிக் கொடுத்தவர் அவசரத்தில் தம்முடையதையே போட்டிருப்பார். நண்பரின் பெட்டியிலும் இப்படித்தான் இருந்தது. எண் போய்ச் சேரும், நமக்கு வராது.

அப்போது கம்பெனியின் சேவைப் பிரிவிடமோ விற்ற கடையிடமோ போக வேண்டும். ஹிக்விஷனுக்கு எஸ்.ஏ.டி.பி. என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பெட்டி இருக்கும் அதே இணைப்பிலுள்ள கம்ப்யூட்டரில் அதை ஓட்டி, பெட்டியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அவர்களுக்கு அனுப்பினால், அவர்கள் பதில் கோப்பு ஒன்று தருவார்கள். அதைப் பெட்டிக்குள் செலுத்திப் புதுப் பாஸ்வேர்டு வைக்கலாம். வாங்கிய ரசீதோ, வரிசை எண்ணின் படமோ கேட்பார்கள். சிலர் இதற்குக் கோபித்துக்கொள்கிறார்கள். கோபிக்கக் கூடாது, கேட்டவருக்கெல்லாம் திறந்துவிட்டால் நமது கல்லாவைத் திருடனும் பார்ப்பான்.

இதில் ஒரு முக்கியமான விஷயம்: கோப்பு அனுப்பியது முதல் பதில் வரும்வரை பெட்டியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அந்தக் கோப்பு செல்லாது. முதலில் நிறுத்து என்றீர், இப்போது நிறுத்தாதே என்கிறீரே என்று கேட்கலாம். இரண்டுக்கும் பொதுவான வழி உண்டு. மின்சாரம் நின்றிருக்கும்போதே தெரிந்தவரைக் கொண்டு ஹார்டு டிஸ்கைக் கழற்றி, பெயரும் தேதியும் எழுதிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். பிறகு டிஸ்க் இல்லாமலே பெட்டியை ஓட்டலாம். டிஸ்கைக் காணோமே என்று கீச்சிட்டுக்கொண்டிருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். பாஸ்வேர்டு கிடைத்தபின் நிறுத்தி டிஸ்கைப் பழையபடி மாட்டுங்கள். அந்த டிஸ்கைக் கம்ப்யூட்டரிலோ வேறு பெட்டியிலோ பொருத்தினால், ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். ஒருபோதும் சரி என்று அழுத்தக் கூடாது. பாஸ்வேர்டு மறந்ததனால் படத்தை இழந்தவர்களைவிட, இந்த ஒரு கேள்விக்குச் சரி சொல்லி இழந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

சில மாடல்களில் மின்பலகையில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். படம் அழியாது; ஆனால் அமைப்புகள் எல்லாம் போய்விடும். என்.வி.ஆர். பெட்டியானால் காமிரா ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்வேர்டு உண்டு என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்துவிட்டுக் காமிராவைத் திறக்க முடியாமல் நிற்பதில் என்ன பயன்? இதைக் கடைசி வழியாகவே கொள்க. மாஸ்டர் கோடு தருகிறேன், காசு அனுப்பு, கம்ப்யூட்டரை என் கையில் கொடு என்று சொல்லும் முகந்தெரியாத ஆட்களிடம் மட்டும் போகவே கூடாது. பிறர் பெட்டியை அனுமதியின்றித் திறப்பதும் குற்றம். மலேசியாவில் 1997-ஆம் வருடத்துக் கம்ப்யூட்டர் குற்றச் சட்டமும், சிங்கப்பூரில் 1993-ஆம் வருடத்துக் கம்ப்யூட்டர் தவறான உபயோகச் சட்டமும் இதற்கு உண்டு. கைமாறி வாங்கிய கடையில் பழைய பெட்டி இருந்தால், விற்றவரிடம் பாஸ்வேர்டோடு எழுத்து மூலமாகவே வாங்கிக்கொள்வது நல்லது.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியை நிறுத்திய பிறகு வீட்டில் எல்லோரையும் விசாரித்ததில், ஜொகூரில் வேலை செய்யும் மூத்த மகனின் கைப்பேசியில் ஹிக்-கனெக்ட் இருந்தது. காமிரா மாட்டிய நாளில் விளையாட்டாக இணைத்தது, அவருக்கே மறந்துபோயிற்று. பெட்டியை ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டினோம். மகன் அங்கிருந்தே சனிக்கிழமையின் படத்தைத் தேடினார். பிற்பகல் 3.40-க்குத் துணி கொண்டுவந்த மொத்த வியாபாரியின் ஆள் வந்து நிற்கிறார். பையன் சரக்கு இறக்க வாசலுக்குப் போகிறான். கல்லாவைத் திறந்து நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்பவர் நண்பரேதான். அந்தச் சட்டை சலவைக்குப் போகவிருந்த துணிகளோடு கிடந்தது. ரசீதும் அதில் இருந்தது. அன்று மாலை நண்பர் பையனைத் தனியாக அழைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

பாஸ்வேர்டு அதற்கப்புறம் மூன்று நாள் கழித்து, விற்பனையாளர் மூலமாக வந்தது. புதியதை நண்பர் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து தெளிவாகத் தெரியும்படி எழுதி, உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். கடையின் பேரில் ஒரு மின்னஞ்சல் திறந்து அதைப் பெட்டிக்குக் கொடுத்தாயிற்று. சிப்பந்திகளுக்குப் பார்க்க மட்டும் முடிகிற தனிப் பெயர் ஒன்று. அதை எழுதி வைத்திருப்பது அந்தக் கீழக்கரைப் பையன்.