கண் உறுத்தல் தீரவில்லையா? மருந்தை மாற்றும் முன் காரணத்தைக் கண்டறிவோம்



கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தல், எரிச்சல், அரிப்பு, சிவப்பு, காலையில் எழும்போது இமை ஒட்டிக்கொள்வது. இவற்றுள் ஏதாவது ஒன்று நம் வீடுகளில் யாருக்கேனும் இருந்துகொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் போய்விட்டால் கவலை இல்லை. வாரக்கணக்கில் நீடித்தால் என்ன செய்கிறோம்? தெருமுனை மெடிக்கலில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்குகிறோம். கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் வேறொன்று வாங்குகிறோம்.

இந்தப் பழக்கத்தால் கண் பார்வையே போனவர்கள் உண்டு. ஆகவே இந்தப் பாடத்தில், உறுத்தல் எதனால் வருகிறது, நாமாக வாங்கும் மருந்தில் என்ன ஆபத்து, எங்கே போய் என்ன கேட்க வேண்டும் என்ற மூன்றையும் பார்ப்போம்.

1. ஒரே உறுத்தல், பல காரணங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கண்ணும் ஒரே மாதிரிதான் சிவக்கும். ஆனால் காரணம் வெவ்வேறு, மருந்தும் வெவ்வேறு.

கண் உலர்வு: கண்ணீர் குறைவாகச் சுரப்பதாலோ, சுரந்த கண்ணீர் சீக்கிரம் வற்றுவதாலோ வருவது. மாலையில் எரிச்சல் கூடும். சிலருக்குக் கண்ணிலிருந்து நீர் வடியும். 'நீர் வடிகிறதே, இது எப்படி உலர்வு ஆகும்' என்று தோன்றலாம். உலர்ந்த கண் உறுத்தும்போது அதற்குப் பதிலாகத் தண்ணீராகக் கொட்டுகிறது, அவ்வளவுதான். செல்போனை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. தையல், எம்பிராய்டரி வேலையிலும் அப்படியே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது அதிகம். சளிக்கும் அரிப்புக்கும் போடும் சில அலர்ஜி மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும்.

இமை ஓர அழற்சி: இமை முடியின் அடியில் பொடுகு போல் படிந்து, இமை ஓரம் சிவந்து தடித்திருக்கும். காலையில் தொந்தரவு அதிகம். அடிக்கடி கண்கட்டி வருபவர்களுக்கு இது இருக்க வாய்ப்புண்டு.

அலர்ஜி: இதன் முதல் அடையாளம் அரிப்பு. தூசு, பூந்தாது, வெயில் காற்று ஆகியவற்றால் கூடும். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள சிறுவர்களில் சிலருக்கு ஒவ்வொரு கோடையிலும் கடுமையாக வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார்கள். நூல் போல வெள்ளைப் பீளை வரும். தொடர்ந்து கசக்குவதால் கருவிழி கூம்பு போல் நீண்டு பார்வை கெடவும் கூடும்.

வேலையும் வீடும்: விறகடுப்புப் புகை, பீடி சுற்றும்போது பறக்கும் புகையிலைத் தூள், தோல் பதனிடும் இடங்களின் ரசாயன நெடி இவை கண்ணை நாள்தோறும் எரிக்கும். காரணம் அங்கேயே இருக்கும்போது எந்தச் சொட்டு மருந்தும் நிற்காது. காற்றோட்டமான இடத்தில் உட்கார்வதும், பீடித் தூள் பட்ட கையால் கண்ணைத் தொடாதிருப்பதும்தான் அங்கே முதல் மருந்து.

மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் தொற்று வேறு. அது திடீரென வரும், பரவும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால் அதை மெட்ராஸ் ஐ என்று நாமே முடிவு செய்துகொண்டு இருக்கக் கூடாது.

2. 'போட்டவுடனே கேட்கும்' மருந்து

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பையனுக்குக் கோடையில் கண் அரிக்கிறது. டாக்டர் ஒரு சொட்டு மருந்தைப் பத்து நாளுக்கு எழுதிக் கொடுக்கிறார். இரண்டே நாளில் கண் வெளுத்துவிடுகிறது. அடுத்த மாதம் மறுபடி சிவக்கிறது. உம்மா பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்குகிறார். மறுபடி கேட்கிறது. இப்படியே இரண்டு வருடம் ஓடுகிறது. கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் பையன் பலகையில் எழுதியது தெரியவில்லை என்கிறான். பரிசோதித்தால் கண் அழுத்தம் ஏறி, நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது.

இது கற்பனை வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட குழந்தைகளைக் கண் மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த மருந்தில் இருந்தது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதிக் கொடுத்தது தவறல்ல. கடுமையான அலர்ஜிக்கு ஸ்டீராய்டு சில நாட்களுக்குத் தேவைப்படும். தவறு, கணக்கில்லாமல் தொடர்ந்ததில்தான்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து போட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு ஏறுகிறது. சிலருக்கு மிக அதிகமாக ஏறும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா இப்படித்தான் சத்தமில்லாமல் வரும். அதில் போன பார்வை திரும்பாது. நீண்ட நாள் போட்டால் கண்புரையும் வரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நெற்கதிரோ, கரும்புச் சோகையோ, முள்ளோ கண்ணில் பட்டால் பூஞ்சைக் கிருமி கருவிழியில் புண் உண்டாக்கலாம். அந்தக் கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் புண் வேகமாகப் பரவும்.

ஆகவே வீட்டில் இருக்கும் சொட்டு மருந்துக் குப்பிகளை இன்றே எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃபுளோரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. கிருமி மருந்தோடு கலந்தும் இவை விற்கப்படுகின்றன. எழுத்து பொடியாக இருக்கும், படித்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் மாதக்கணக்கில் போட்டு வருபவர்கள் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். குப்பியோடு டாக்டரிடம் போய்க் கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவப்பை மட்டும் உடனே மறைக்கும் மருந்துகளும் உண்டு. அவை ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. தொடர்ந்து போட்டால், நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். எந்தக் குப்பியானாலும் திறந்து ஒரு மாதம் ஆனால் பொதுவாக வைத்திருக்கக் கூடாது. ஒருவர் மருந்தை மற்றவர் போடவும் கூடாது.

3. சுர்மாவும் கைவைத்தியமும்

சுர்மா இடுவது நம் வீடுகளில் அன்போடு பேணப்படும் வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. கடையில் அந்தப் பெயரில் விற்கும் பொருளைப் பற்றியே பேசுகிறோம். பல சுர்மாக்கள் ஈயக் கனிமத்தை அரைத்துச் செய்யப்படுபவை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கும்போது உடலுக்குள் போய்விடும். எனவே எதில் செய்தது என்று தெரியாத சுர்மாவைக் குழந்தைகளுக்கு இட வேண்டாம். கண் சிவந்திருக்கும்போது யாரும் இட வேண்டாம். ஒரே குச்சியை வீடு முழுக்கப் பயன்படுத்தினால் ஒருவர் கண்ணின் கிருமி எல்லோருக்கும் போகும்.

தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும் வேண்டாம். அவை கிருமி நீக்கியவை அல்ல.

வீட்டில் பயமில்லாமல் செய்யக்கூடியவை இவை: சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகள் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு இருமுறை ஒத்தடம் கொடுக்கலாம். பிறகு இமை ஓரத்தை மெதுவாகத் துடைக்கலாம். இமை ஓர அழற்சிக்கு இது நல்ல பலன் தரும். அலர்ஜி அரிப்புக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஒத்தடம். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் பாருங்கள். செல்போன் பார்க்கும்போது நினைவாக இமையுங்கள்.

4. ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாதவை

பார்வை மங்கினால், கடும் வலி இருந்தால், வெளிச்சம் பார்க்கவே முடியாமல் கூசினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கண்ணில் அடிபட்டிருந்தால், காண்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்தால், பிறந்த குழந்தைக்குச் சீழ் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சுண்ணாம்போ ஆசிட்டோ பட்டால் முதலில் ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, பிறகு ஓட வேண்டும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், உறுத்தல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் போய்க் காட்டுவதே சரி.

5. எங்கே போவது? என்ன கேட்பது?

கண்ணாடிக் கடையில் பார்ப்பது பவர் மட்டும். இலவச முகாம்கள் பெரும்பாலும் கண்புரையைக் கண்டுபிடிப்பதற்காக நடப்பவை. நீடித்த உறுத்தலுக்கு, கண்ணின் மேற்பரப்பைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்க்க வேண்டும். அந்த வசதி மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உள்ள கண் பிரிவுகளில் செலவில்லாமல் கிடைக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களிலும் கண் பரிசோதனை மையங்கள் நடத்துகிறது. அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் பரிசோதித்து, வீடியோ வழியாக மருத்துவரிடம் பேச வைப்பார்கள். வெளியூர் போகத் தயங்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இது பெரிய வசதி. பெண் மருத்துவர் வேண்டும் என்றால் ஓபி சீட்டு வாங்கும்போதே தயங்காமல் கேளுங்கள்.

பரிசோதனையைக் கண்டு பயப்பட வேண்டாம். கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டுப் பார்ப்பார்கள். சற்று நேரத்தில் போய்விடும். கீழ் இமையில் சிறு காகிதத் துண்டை ஐந்து நிமிடம் வைத்துக் கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளப்பார்கள். அது பத்து மில்லி மீட்டருக்கு மேல் நனைந்தால் பொதுவாகப் போதுமான கண்ணீர் உண்டு என்று பொருள். கண் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும்.

போகும்போது இதுவரை போட்ட எல்லாக் குப்பிகளையும், சாப்பிடும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வாய் வலித்தாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்காமல் வராதீர்கள்:

என் நோயின் பெயர் என்ன?
இந்த மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறதா?
எத்தனை நாள் போட வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும்?
மறுபடி எப்போது வர வேண்டும்?

பதிலைச் சீட்டின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கண் உலர்வும் அலர்ஜியும் ஒரே வாரத்தில் தீர்ந்துபோகும் நோய்கள் அல்ல. பல மாதம் பேணி வர வேண்டியவை. இது தெரியாததால்தான் பலர் டாக்டரை மாற்றி மாற்றி அலைகிறார்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து காட்டுவது நல்லது.

6. நோன்பு நேரத்தில்

நோன்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சி ரமளானில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. ஐயம் இருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக, கண் அழுத்தத்துக்குப் போடும் மருந்து ஒரு நாளும் விடுபடக் கூடாது. மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஒரிரு நிமிடம் மெதுவாக அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்குவது பெரிதும் குறையும். கண்ணிலும் நன்றாக வேலை செய்யும்.

வீட்டில் கலந்து பேச

நம் வீட்டில் யாருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கண் உறுத்தல் இருக்கிறது?
பழைய சீட்டைக் காட்டி வாங்கிய சொட்டு மருந்து ஏதும் உண்டா? அதில் என்ன பெயர் இருக்கிறது?
கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளை நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உண்டா?
தனியாக மருத்துவமனை போக முடியாத பெரியவர் நம் தெருவில் இருக்கிறாரா? அவரோடு யார் போகலாம்?

கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால், இந்த வாரமே ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். வஸ்ஸலாம்.