வாங்கிய பொருளும் வாக்குத் தவறிய வணிகரும்

கடைக்குச் சென்று விலை கொடுத்து ஒரு பொருளை வாங்குபவர் எவரும் தாம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டதாக எண்ணுவதில்லை. பத்திரம் இல்லை, கையொப்பம் இல்லை, சாட்சியும் இல்லை. எனினும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அஃது ஒப்பந்தமே ஆகும். உத்திரமேரூரில் விதை நெல் வாங்கும் உழவரும், காஞ்சிபுரம் சென்று முகூர்த்தப் பட்டு எடுக்கும் குடும்பத்தாரும் இவ்வகையில் ஒரே நிலையினரே. விற்றவர் சொன்ன சொல் தவறினால் வாங்கியவர் என்ன செய்யலாம் என்பதை ஈண்டுக் காண்போம்.

பட்டுப் புடவையையே எடுத்துக்கொள்வோம். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன் முலாம் பூசியது. அசல் சரிகை என்று கூறி விற்ற புடவையில் போலிச் சரிகை இருந்தால், விவரித்த பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு ஆகிவிடுகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதை நிபந்தனை மீறல் என்கிறது. நிபந்தனை மீறப்பட்டால் பொருளை மறுத்து விலையைத் திரும்பக் கேட்கலாம். அதனினும் சிறிய உத்தரவாதம் மட்டும் மீறப்பட்டிருந்தால் பொருளைத் திருப்ப இயலாது. இழப்பீடு மட்டுமே கேட்கலாம். (நம் ஊர்க் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு ஏரி வாரியத்தோடு பொன் வாரியத்தையும் குறிப்பிடுகிறது. பொன்னைப் பற்றிய கவலை இங்குப் பழையது போலும்!)

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பொருளில் குறை கண்ட பின்னும் வாய் திறவாமல் நெடுநாள் வைத்திருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அதன்பின் மறுக்கும் உரிமை போய்விடும். இழப்பீடு ஒன்றே எஞ்சும். பொருளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு அலைய வேண்டும் என்பதும் இல்லை. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, ஏற்க மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும். அதை எழுத்தில் தெரிவிப்பது நன்று.

இழப்பீடு எவ்வளவு? இதுவே இப்பாடத்தின் கடினமான பகுதி. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக விளைந்த நட்டத்தையும், ஒப்பந்தம் செய்தபோதே இருவரும் அறிந்திருந்த நட்டத்தையும் மட்டுமே அனுமதிக்கிறது. இங்கிலாந்தில் 1854இல் ஓர் ஆலையின் உடைந்த அச்சுத்தண்டு பற்றிய வழக்கில் உருவான கொள்கை இது. நம் மாநிலத்து வழக்கு ஒன்றும் உண்டு. தையற்காரர் ஒருவர் திருவிழா நடக்கும் ஊரில் நல்ல தொழில் நடக்கும் என்று எண்ணித் தையல் இயந்திரத்தையும் துணியையும் இரயிலில் அனுப்பினார். அவை திருவிழா முடிந்த பிறகே கைக்குக் கிடைத்தன. போன இலாபத்தைக் கேட்டு அவர் வழக்காடினார். அவருடைய நோக்கம் இரயில்வேக்குத் தெரியாது என்பதால், 1898இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இலாப நட்டத்தை மறுத்துவிட்டது. ஆகவே பொருள் இன்ன நாளில், இன்ன காரியத்துக்கு வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி, இரசீதிலும் எழுதி வாங்குவது வெறும் பேச்சன்று. பின்னாளில் அதுவே இழப்பீட்டின் அளவைத் தீர்மானிக்கும்.

குறித்த பொருளையே தரும்படி நீதிமன்றம் ஆணையிடுவதும் உண்டு. ஆனால் கடையில் மலிந்து கிடக்கும் பொருளுக்கு அப்பரிகாரம் அரிது.

உரிமையியல் நீதிமன்றத்தில் சில நூறு ரூபாய்க்காக யார் வழக்காடுவார்? இக்குறையை நீக்கவே 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதனிடத்தில் இப்போது 2019ஆம் ஆண்டின் சட்டம் நிற்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பழுதை நீக்கவும், மாற்றுப் பொருள் தரவும், விலையைத் திருப்பவும், இழப்பீடு கொடுக்கவும் ஆணையம் கட்டளையிட முடியும். "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்ற அட்டை நம் கடைவீதியில் தொங்காத கடை குறைவு. பழுதுள்ள பொருளை இரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று புதிய சட்டம் தெளிவாகக் கூறுகிறது. இரசீது தர மறுப்பதும் அவ்வாறே.

ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் நம் வட்டாரத்துக்கு மிகவும் வேண்டியது 2012இல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு. ஆந்திர மாநில உழவர்கள் வாங்கிய விதை சரியாக விளையவில்லை. அவர்கள் நுகர்வோர் அல்லர் என்றும், விதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் குறையை மெய்ப்பிக்க இயலாது என்றும் கழகம் வாதிட்டது. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் உழவர் சோதனைக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க முடியாது என்றது. வயலை நேரில் பார்வையிட்டவர்களின் அறிக்கை சான்றாக ஏற்கப்பட்டது. எனவே முளைப்பு குறைந்தால் பயிரை உழுது மடக்குவதற்கு முன் வேளாண்மை அலுவலரை அழைத்து வந்து வயலைக் காட்டி அறிக்கை பெறுதல் வேண்டும். விதைப் பையையும் அதிலுள்ள குவியல் எண்ணையும் இரசீதையும் எறிந்துவிடலாகாது.

இலாபத்துக்கென வணிக நோக்கில் வாங்குபவர் இச்சட்டப்படி நுகர்வோர் ஆகார்; ஆயினும் தாமே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோரே என்று 1995இல் கோவை பூ.சா.கோ. தொழிற்கூடம் எதிர்த்தரப்பாக நின்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. முறையீட்டை வழக்கெழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பு பிடிக்காதவர் 45 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.