வாடகை வருமானத்துக்கு எந்த வீடு?

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனதும் ஊரிலிருந்து அப்பா ஆரம்பித்துவிடுவார்: "சென்னையில ஒரு வீட்டை வாங்கிப் போடுப்பா, வர்ற வாடகையே இஎம்ஐயைக் கட்டிடும்." அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் நாவலூரில் ஃபிளாட் புக் செய்திருப்பார். அடுத்த வாரமே நம்மவரும் முன்பணம் கட்டிவிடுகிறார். அங்கே யார் குடிவருவார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மனை, கடை, நகருக்குள் பழைய ஃபிளாட், இரண்டு மூன்று போர்ஷன் உள்ள தனிவீடு, நாவலூர் போல ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) புது ஃபிளாட். வழக்கமான வழிகள் இவைதான். மனைக்கு வாடகை கிடையாது. கடை காலியானால் மாதக்கணக்கில் ஷட்டர் இறங்கியே கிடக்கும்.

நான் எச்சரிக்க நினைப்பது அந்த ஓஎம்ஆர் ஃபிளாட்டைப் பற்றித்தான். 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 43,400 ரூபாய். இருபதாயிரம் வாடகை வந்தாலும் பாதிகூட அடையாது. அதுவும் சுலபமாக வராது. ஒரே வளாகத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே சமயத்தில் சாவி கொடுப்பார்கள். வாங்கியவர்களில் பலரும் உங்களைப் போலவே வாடகையை நம்பி வாங்கியவர்கள். எல்லா வீட்டிலும் அதே அளவு, அதே டைல்ஸ். பார்க்க வருபவர் ஐந்து வீடு ஏறி இறங்கிவிட்டு, ஏசி மாட்டி வைத்திருப்பவரிடம் போய் வாடகையையும் குறைத்துப் பேசுவார். வருபவர்களில் பெரும்பாலோர் ஐ.டி. ஊழியர்கள் வேறு. 2020இல் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் பலர் மூட்டைகட்டிச் சொந்த ஊர் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் உரிமையாளர் தலையில்தான். கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவும் சேரும். நீச்சல்குளத்தில் யாரோ நீந்துவார்கள்.

எனக்கு ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் உள்ள போர்ஷன் வீடுகள்தான் பிடிக்கும். குரோம்பேட்டையில் அப்படி விட்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் சாய்வு இருக்கலாம். ஆனால் அங்கே வீடு கேட்டு வருபவர்கள் நர்ஸ், பேங்க் ஊழியர், கடைக்காரர், ஆசிரியர் என்று பலதரப்பட்டவர்கள். ஒரு தொழில் படுத்தால் தெருவே காலியாவதில்லை. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்த குடும்பம் லேசில் நகராது. எங்கள் மாடி போர்ஷனுக்கு எல்கேஜி குழந்தையாக வந்த பெண் இப்போது பத்தாவது படிக்கிறாள். காலி செய்பவர்களும் பரீட்சை முடிந்து ஏப்ரல், மேயில் செய்வார்கள். ஜூனுக்குள் அடுத்தவர் வந்துவிடுவார். ஆனிக் கடைசியில் காலியானால்தான் வம்பு. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள்.

வீட்டுக்காரராக இருக்க ஒரு சுபாவமும் வேண்டும். ஞாயிறு மத்தியானம் மோட்டார் ஓடவில்லை என்று போன் வரும். சுவரில் புது ஆணி இருக்கும். இதற்கெல்லாம் ரத்தம் கொதிக்கும் என்றால் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். கொதிக்காது என்பவர்களும் அவசரப்பட வேண்டாம்; அப்பாவிடம் ஒரு வருடம் தவணை கேளுங்கள். அதற்குள், வாங்க நினைக்கும் இடத்துக்கு வாடகைக்கு வீடு தேடுபவராகப் போய்ப் பாருங்கள். புரோக்கர் உடனே நாலு சாவியோடு கிளம்பினால் அந்த இடம் வேண்டாம். "நம்பர் குடுத்துட்டுப் போங்க சார், காலியானா கூப்பிடுறேன்" என்றால் அங்கே விலை பேசலாம்.